குளிர்காலப் பராமரிப்பில் காட்டிய அலட்சியம்: குதிரையேற்ற மையத்துக்கு ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
குதிரையேற்றப் பயிற்சி மையம்.

பொருள்: குளிர்காலப் பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, குதிரைக்குத் தண்ணீர்கூட ஒழுங்காக வைக்காதது தொடர்பாக.

மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் குதிரை முகிலை உங்கள் லாயத்தில்தான் விட்டிருக்கிறேன். இந்தப் பருவம் தொடங்கியபோது, வழக்கமான லாய வாடகையோடு குளிர்காலப் பராமரிப்புக்கென்று நீங்கள் கேட்ட கூடுதல் கட்டணத்தையும் முன்பணமாகவே கட்டினேன். காலையும் மாலையும் தண்ணீர்த் தொட்டி பார்க்கப்படும், காய்ந்த புல் எடைபோட்டு வைக்கப்படும், தினமும் போர்வையைக் கழற்றி உடம்பு பார்க்கப்படும், குளம்பு சுத்தம் செய்யப்படும் என்று நீங்கள் கொடுத்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. இதில் ஒன்றுகூட ஒழுங்காக நடக்கவில்லை. போன வாரம் முகிலுக்குக் குடல் அடைத்துக்கொண்டு, கால்நடை மருத்துவர் இரவெல்லாம் கூடவே இருந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த நாள் உங்கள் அலுவலகத்துக்குப் பேசினேன். “குளிர்காலத்தில் குதிரைக்கு வயிற்றுவலி வருவது சகஜம்தானே” என்று பதில் வந்தது. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். குதிரைகளையே தொழிலாக வைத்திருக்கும் ஓர் இடத்திலிருந்து அப்படி ஒரு பதில் வரக் கூடாது. குளிரில் இந்த வலி அதிகம் வருவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் குளிர்காற்று அல்ல, குடிக்காத தண்ணீர்.

வளர்ந்த குதிரை ஒன்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். மேய்ச்சல் காலத்தில் பச்சைப் புல்லிலேயே பெரும்பங்கு ஈரம் கிடைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் அது தின்பது காய்ந்த புல். அதில் ஈரம் மிகவும் குறைவு. ஆகவே தொட்டியிலிருந்து அதிகமாகக் குடிக்க வேண்டிய பருவமே இதுதான். ஆனால் தண்ணீர் பனிக்கட்டி போல் சில்லென்று இருந்தால் குதிரை தேவைக்குக் குறைவாகக் குடித்து நிறுத்திக்கொள்ளும். உள்ளே போன காய்ந்த நார் ஈரமில்லாமல் பெருங்குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால்தான் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி வயிற்றுக்குள் நீரும் எண்ணெயும் விட வேண்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் குதிரை நன்றாகக் குடிக்கும், அதோடு தினமும் கொஞ்சம் உப்பும் கொடுத்தால் இன்னும் நல்லது என்பது லாயம் நடத்தும் எவருக்கும் தெரிந்த விஷயம்.

அன்று மாலை நான் வந்தபோது முகிலின் தொட்டியில் தண்ணீர் உறைந்திருந்தது. மேலே படிந்த மெல்லிய ஏடு அல்ல, கையால் தட்டினால் உடையாத கட்டி. காலையில் யாராவது பார்த்திருந்தால் அந்த நிலைக்கு வந்திருக்காது. கொட்டடியில் குதிரையின் லத்தி, அதாவது சாணம், முந்தைய நாள் இருந்ததைவிடக் கூடியிருக்கவில்லை. இருந்ததும் சிறுத்து, உலர்ந்து, கெட்டியாக இருந்தது. குதிரை முன்காலால் தரையைப் பறித்துக்கொண்டும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்துக்கொண்டும் நின்றது. வயிற்றுவலிக்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம். அது எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டார். சொல்வதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

ஏன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க லாயப் பணியாளர்களை விளக்கு ஊர்வலச் சவாரிக்கும் குழந்தைகளின் விடுமுறை முகாமுக்கும் அனுப்பிவிட்டீர்கள். லாயத்துக்கு மிஞ்சியது இரண்டே பேர். அத்தனை குதிரைகளுக்கும் புல் போட்டு, தண்ணீர் சுமந்து, கொட்டடி கூட்ட அவர்களால் எப்படி முடியும்? தயவுசெய்து அவர்கள் மீது பழி போடாதீர்கள். மருத்துவர் வரும்வரை முகிலைப் படுத்துப் புரளவிடாமல் நடத்திக்கொண்டிருந்தது அவர்களில் ஒருவர்தான். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பணியாளர் எண்ணிக்கையைக் கூட்டாமல் நிகழ்ச்சிகளை மட்டும் கூட்டியது நிர்வாகத்தின் முடிவு.

குளிர்கால நிகழ்ச்சிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் குதிரையோடு பழகட்டும், மையத்துக்கும் வருமானம் வரட்டும். ஆனால் சவாரி முடிந்து வரும் குதிரைகளை எப்படி நடத்துகிறீர்கள் என்பதையும் பார்த்தேன். மார்பும் சேணத்துக்கு அடியும் வேர்த்து நனைந்திருக்க, அப்படியே கொட்டடியில் கட்டி, மேலே தடித்த போர்வையைப் போட்டுவிடுகிறார்கள். மூச்சு தணியும்வரை நடத்தி, ஈரத்தைத் துடைத்து, ஈரத்தை இழுத்து வெளியேற்றும் கம்பளித் துணியைப் போட்டு உலர்த்திய பிறகுதான் போர்வை. குதிரையின் குளிர்கால ரோமம் சிலிர்த்து நின்று, இடையில் காற்றைப் பிடித்துவைத்துத்தான் அதற்குச் சூடு தருகிறது. நனைந்து படிந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உலர்ந்திருக்கும் வரை சுழியத்துக்குக் கீழே சில டிகிரியைக்கூட நிம்மதியாகத் தாங்கும் விலங்கு அது. ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் நடுங்கும். அப்புறம், இரவெல்லாம் வெளியே தொங்கிய கடிவாளத்தின் இரும்பைச் சூடாக்காமல் அப்படியே வாயில் மாட்டுகிறார்கள். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாலே போதும், அதற்குக்கூடவா நேரமில்லை?

புல் விஷயத்துக்கு வருகிறேன். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 7.5 முதல் 10 கிலோ வரை காய்ந்த புல் வேண்டும், கடுங்குளிரில் அதற்கும் மேலே. நார் குடலில் நொதிக்கும்போது வரும் வெப்பம்தான் குதிரைக்கு உள்ளிருந்து கிடைக்கும் அடுப்பு. இங்கே நடந்தது நேர்மாறு. எடைபோடும் தராசு ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. புல்லைக் குறைத்துவிட்டு, குளிருக்குச் சூடு என்று சொல்லித் தானியத்தைக் கூட்டியிருக்கிறார்கள். தானியத்தைத் திடீரென்று கூட்டினால் வயிற்றுவலி மட்டுமல்ல, குளம்புக்குள் அழற்சியும் வரலாம். முகிலின் தீவனத்தை மாற்றும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மருத்துவர் போர்வையைக் கழற்றிய பிறகுதான் முகில் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று தெரிந்தது. பிடரிக்குக் கீழே உராய்ந்து ரோமம் போய்ப் புண்ணாகியிருந்தது. அடர்ந்த ரோமமும் போர்வையும் சேர்ந்தால் இளைப்பு கண்ணுக்குத் தெரியாது, விலாவைக் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். 1983-இல் ஹென்னெக் என்பவரும் அவருடைய குழுவினரும் வகுத்த 1 முதல் 9 வரையான உடல்நிலை மதிப்பெண் முறை இதற்காகவே இருக்கிறது. வாரம் ஒருமுறை குறித்து வைத்திருந்தால் இந்த நிலைமை முன்பே தெரிந்திருக்கும். குளம்பின் அடிப்பள்ளத்தில் கறுத்த கசிவும் நாற்றமும் இருந்தன. ஈரப் படுக்கையை மாற்றாமல், குளம்பையும் சுத்தம் செய்யாமல் விட்டதால் வந்த அழுகல் அது. ஜன்னல்களையெல்லாம் அடைத்துவைப்பதையும் நிறுத்துங்கள். உள்ளே நுழைந்தாலே சிறுநீரின் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கிறது. அந்தக் காற்றையும் புல் தூசியையும் சுவாசிக்கும் குதிரைகள் ஏற்கெனவே இருமத் தொடங்கியிருக்கின்றன.

இந்தப் பருவத்துக்கு நான் கட்டிய குளிர்காலப் பராமரிப்புக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். மருத்துவச் செலவை மையம் ஏற்க வேண்டும், ரசீதுகளை இணைத்திருக்கிறேன். பணத்தைவிட எனக்கு முக்கியமானது இனிமேல் நடக்க வேண்டியது. காலை, மாலை, இரவு என மூன்று வேளை தண்ணீர் பார்த்து, பார்த்தவர் கையெழுத்திடும் அட்டை ஒவ்வொரு கொட்டடி வாசலிலும் தொங்க வேண்டும். வெந்நீர் கலக்க வசதியோ, தொட்டிக்குச் சூடேற்றியோ ஏற்பாடு செய்யுங்கள். சூடேற்றியின் மின்கம்பி குதிரையின் வாய்க்கு எட்டாமல் இருக்கட்டும். புல்லை எடைபோட்டு வையுங்கள். நிகழ்ச்சி நடக்கும் நாட்களில் லாயத்துக்கென்று ஒதுக்கிய ஆட்களை எக்காரணம் கொண்டும் வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. தீவனத்தில் எந்த மாற்றம் என்றாலும் குதிரையின் உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தாருங்கள். தொலைபேசிப் பதில் போதாது. திருப்தியான பதில் வராவிட்டால் முகிலை வேறு லாயத்துக்கு மாற்றிக்கொண்டு, மருத்துவரின் அறிக்கையோடும் உறைந்த தொட்டியின் படங்களோடும் நுகர்வோர் குறைதீர் அமைப்பையும் விலங்கு நல அமைப்பையும் அணுகுவேன். வரும் சனிக்கிழமை காலையில் லாயத்துக்கு வருகிறேன். நீங்கள் நேரம் ஒதுக்கினால் ஒவ்வொரு கொட்டடியாகச் சேர்ந்தே பார்க்கலாம்.

இப்படிக்கு,
முகிலின் உரிமையாளர்

இணைப்பு: ஒப்பந்த நகல், மருத்துவர் அறிக்கை, ரசீதுகள், படங்கள்.