தேடும் கண் எப்போது போதும் என்கிறது

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கதிரியல் மருத்துவத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் நாள் முழுவதும் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவள், எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று இரவில் உறக்கமின்றிக் கிடக்கிறாள் என நீ எழுதியிருந்தது என் மனத்தைவிட்டு அகலவில்லை. கண் எப்படித் தேடுகிறது என்பதைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். அவளுடைய அச்சம் வீணானது அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பார். ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம் உள்ள பகுதியைத்தான் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகக் காண்கிறது. சுற்றியுள்ளவை எல்லாம் மங்கல்தான். ஆகவே அது நொடிக்கு மூன்று, நான்கு முறை இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே தாவ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நம் மனத்திலுள்ள கேள்வியே முடிவு செய்கிறது. ரஷ்ய ஆய்வாளர் யார்பஸ், ஒரு குடும்பத்தைச் சித்திரிக்கும் ஓவியர் ரெப்பினின் படம் ஒன்றைக் காட்டி அதிலுள்ளவர்களின் வயதைக் கேட்டபோது பார்வை முகங்களில் மொய்த்தது. அக்குடும்பத்தின் வசதியைக் கேட்டபோது அதே கண்கள் அறைகலன்களையும் உடைகளையும் நாடின.

என்னை அதைவிட ஆழமாக ஈர்த்தது, தேடுவதை எப்போது நிறுத்துகிறோம் என்பதே. இரை தேடும் விலங்கு ஓர் இடத்தில் கிடைக்கும் வரத்து, அந்தச் சுற்றுவட்டாரத்தின் சராசரி வரத்துக்குக் குறைந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்வதே அதற்கு மிகுந்த பலன் தரும் என்று சூழலியலாளர் எரிக் சார்னோவ் 1976இல் கணக்கிட்டுக் காட்டினார். கணினித் திரையில் செடி செடியாகப் பழம் பறிக்கச் சொன்னபோது மனிதர்களும் ஏறத்தாழ அவ்வாறே நகர்ந்தார்கள் என்பதைப் பார்வை ஆய்வாளர் ஜெரமி வுல்ஃப் 2013இல் வெளியிட்டார். பழத்துக்கு இது நல்ல விதி. ஒன்றிரண்டு பழங்கள் செடியிலேயே தங்கிவிட்டால் நட்டமில்லை. நோய்க்குறியைத் தேடுகிறவருக்கோ இதே விதி பகையாகிவிடுகிறது.

வுல்ஃபின் குழு 2005இல் செய்த சோதனையைப் பார். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது, இருந்தவற்றில் சுமார் 7 விழுக்காட்டைத்தான் மக்கள் தவறவிட்டார்கள். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது சுமார் 30 விழுக்காடு தவறிப்போனது. பொருள் அரிதாக ஆக, "இல்லை" என்ற விடை எளிதில் வாயில் வந்துவிடுகிறது. ஒரு கட்டியைக் கண்டுபிடித்த நிறைவில் அதே படத்திலுள்ள இன்னொன்றை விட்டுவிடுவதும் கதிரியலாளர்கள் நெடுங்காலமாக அறிந்த ஆபத்துதான். 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேனில் சிறு கட்டிகளைத் தேடிய 24 கதிரியல் மருத்துவர்களில் 20 பேர், அதில் செருகப்பட்டிருந்த, சராசரிக் கட்டியைப் போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைக் காணவில்லை. அவர்களில் பலருடைய பார்வை அதன்மீதே பதிந்திருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது.

இவர்கள் தேர்ந்த மருத்துவர்கள்; இதை அசட்டை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. எனவே இன்னும் கூர்ந்து பார் என்று அவளிடம் சொல்வதால் பயனிருக்காது. ஒன்றைக் கண்டதும் அந்தப் படத்தை முதன்முறை பார்ப்பதுபோல் மீண்டும் தொடங்குவதும், பார்க்க வேண்டிய உறுப்புகளை ஒரே வரிசையில் விடாமல் பார்ப்பதும், இயன்றவரை இரண்டாம் மருத்துவர் தனியாகப் படிப்பதும் உதவும். விமான நிலையங்களில், சோதிப்பவரின் எதிர்பார்ப்பு மங்கிவிடாதிருக்க, பெட்டிகளின் எக்ஸ்ரே படங்களில் போலி ஆயுத உருவங்களை அவ்வப்போது செருகுகிறார்கள்.

அவளுடைய துறையில் இரட்டை வாசிப்பு நடைமுறையில் உள்ளதா, ஒரு நாளில் எத்தனை படங்கள் அவள் கைக்கு வருகின்றன என்று கேட்டு எழுது. அவளே எழுதினால் இன்னும் மகிழ்வேன்.

அன்புடன்,
ராகவன்