கன்றிடம் என்ன வீரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் கால்கரி நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ‘ஸ்டாம்பீட்’ என்ற ரோடியோ (கௌபாய் விளையாட்டு) திருவிழா பற்றிய உங்கள் கட்டுரையில் தொப்பியும் பாட்டும் பான்கேக்கும் களைகட்டின. சரி, மைதானத்துக்குள் நடப்பது? சில மாதக் கன்று மிரண்டு ஓடும். குதிரை மேலிருப்பவர் வீசும் சுருக்குக் கயிறு கழுத்தில் விழுந்ததும், ஓடிய வேகத்திலேயே வெடுக்கென்று பின்னால் இழுபடும். அப்புறம் அதைத் தூக்கித் தரையில் போட்டு மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். எத்தனை விநாடியில் கட்டினார் என்பதற்குத்தான் பரிசு! குதிரை பூட்டிய வண்டிப் பந்தயத்திலோ 2019-இல் மட்டும் 6 குதிரைகள் இறந்தன.

பிரிட்டன் 1934-லேயே சட்டம் போட்டு ரோடியோவுக்குக் கடிவாளம் இட்டது. கால்கரியின் அண்டை மாகாணத்து வான்கூவரும் 2006-இல் தடை செய்தது. கன்றுக்குச் சுருக்கு வீசுவதையும் வண்டிப் பந்தயத்தையுமாவது கால்கரி உடனே நிறுத்த வேண்டும்.

– ஒரு வாசகர், டொராண்டோ