‘யூனியன்’ படத்தில் கவனிக்க வேண்டியது அந்த அட்டைகளை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்டீஃபன் மேங், பிரெட் ஸ்டோரி இருவரும் இயக்கிய ‘யூனியன்’ என்ற ஆவணப்படம் 2024 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டுச் சிறப்பு நடுவர் விருது பெற்றது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஜேஎஃப்கே8 என்ற அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கப் பாடுபட்டதைக் காட்டும் படம் இது. சிங்கப்பூரில் துவாஸ், பெனாய், சாங்கி பக்கக் கிடங்குகளில் பிக்கிங், பேக்கிங் செய்யும் நம் பிள்ளைகளும், ஜோகூரிலிருந்து விடியுமுன் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டி வரும் மலேசியத் தமிழர்களும் இதை அவசியம் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒரே கவலை, பார்த்துவிட்டு எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்பதுதான்.

பார்ப்பவர் மனத்தில் ஒட்டிக்கொள்வது கூடாரம். கிடங்குக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் கூடாரம் போட்டு, குளிருக்கு நெருப்பு மூட்டி, ஷிஃப்ட் முடிந்து களைத்து வருபவருக்குச் சாப்பாடு கொடுத்து, சங்கத்துக்கு ஆதரவு தெரிவிக்கும் அட்டையில் கையெழுத்துக் கேட்கிறார்கள். நெஞ்சைத் தொடும் காட்சிதான். ஆனால் அதே கூடாரத்தை ஜூரோங்கில் ஒரு கிடங்கு வாசலில் போட முடியாது. 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு கோரிக்கைக்காகப் பொது இடத்தில் ஒரே ஒருவர் நின்றால்கூடக் காவல்துறை அனுமதி வேண்டும். ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கம் தரும் விலக்கும் மலேசியத் தொழிலாளிக்குக் கிடையாது. 2012 நவம்பர் 26ஆம் தேதி சீனாவிலிருந்து வந்த 171 பேருந்து ஓட்டுநர்கள் வேலைக்குப் போகாமல் இருந்ததன் முடிவை நாம் அறிவோம். ஐவர் சிறை சென்றனர், 29 பேர் ஊருக்கு அனுப்பப்பட்டனர். பேருந்துச் சேவை அத்தியாவசியச் சேவை, கிடங்கு அப்படியல்ல என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஒருவரை யாரும் தூண்டிவிடக் கூடாது.

படத்திலிருந்து நாம் கற்க வேண்டியது அந்தக் கையெழுத்து அட்டைகளின் கணக்கை.

அமெரிக்காவில் சங்கம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பு கேட்டு மனுச் செய்ய, அந்த வேலையிடத்தில் குறைந்தது 30 விழுக்காட்டினர் கையெழுத்திட்ட அட்டைகள் வேண்டும். கையெழுத்தோடு தேதியும் இருக்க வேண்டும். தேதி இல்லாத அட்டை எண்ணிக்கையில் சேராது. ஜேஎஃப்கே8 தொழிலாளர்கள் 2021 அக்டோபரில் மனுப் போட்டார்கள், நவம்பரிலேயே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காரணம் எளிது. முதலாளியின் சம்பளப் பட்டியலோடு அட்டைகளை ஒப்பிட்டபோது எண்ணிக்கை போதவில்லை; கையெழுத்திட்ட பலர் அதற்குள் வேலையை விட்டே போயிருந்தார்கள். கிடங்கு வேலை அப்படித்தான். பிப்ரவரியில் வாங்கிய கையெழுத்து செப்டம்பரில் வெறும் காகிதம். டிசம்பரில் மறுபடி மனுச் செய்தார்கள். 2022 ஏப்ரல் 1ஆம் தேதி முடிவு வந்தது: ஆதரவு 2,654, எதிர்ப்பு 2,131. வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் 8,300 பேருக்கு மேல். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களின் ஆதரவோடு கிடைத்த வெற்றி அது. எதிரே இருந்த எல்டிஜே5 கிடங்கில் அடுத்த மாதமே 380க்கு 618 என்று தோற்றார்கள்.

முதலாளி தரப்பு சும்மா இருக்கவில்லை. வேலை நேரத்திலேயே தொழிலாளர்களை அறைக்குள் உட்காரவைத்து, சங்கம் வேண்டாம் என்று ஆலோசகர்கள் பேசுவதைப் படத்தில் காணலாம். இத்தகைய ஆலோசகர்களுக்கு 2022ல் மட்டும் 14 மில்லியன் டாலருக்கு மேல் செலவிட்டதாக அமேசானே அரசிடம் கணக்குக் கொடுத்தது. அப்படிக் கட்டாயப்படுத்தி உட்காரவைப்பது தவறு என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்தது 2024 நவம்பரில்தான். அதற்குள் வாக்கெடுப்பு முடிந்து இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். புதிதாகச் சங்கம் பதிவுசெய்ய 7 உறுப்பினர் போதும் என்று சட்டம் சொல்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு உற்சாகப்படுபவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தொழிலில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தால் பதிவாளர் மறுக்கலாம். ஆகவே இங்கு நடைமுறையில் இருக்கும் வழி, என்டியுசி என்ற தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸைச் சேர்ந்த ஒரு சங்கத்தில் உறுப்பினராகி, தொழிலாளர் சார்பில் பேச அந்தச் சங்கம் நிறுவனத்திடம் அங்கீகாரம் கேட்பது. சங்கம் அங்கீகாரம் கேட்கும் ‘படிவம் ஏ’ கொடுத்ததும் நிறுவனம் 7 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் விஷயம் தொழிலாளர் ஆணையரிடம் போகும். அவர் ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். அங்கேயும் பெயர்ப்பட்டியல்தான் தீர்மானிக்கும்.

பெரும்பாலும் சறுக்குவதும் அந்த இடத்தில்தான். ஒரே கிடங்கில், ஒரே நிற அங்கியில், ஒரே ஸ்கேனரை மாற்றி மாற்றிப் பிடித்து 60 பேர் வேலை செய்வார்கள். சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தால் 22 பேருக்குக் கிடங்கு நிறுவனம் முதலாளி, மற்றவர்களுக்கு இரண்டு மூன்று ஏஜென்சிகள். ஏஜென்சி ஆட்கள் 38 பேரும் உறுப்பினர் ஆனாலும், கிடங்கு நிறுவனத்திடம் கேட்கும் அங்கீகாரத்துக்கு அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். எனவே முதல் வேலை, யாருடைய சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று எழுதிக்கொள்வது. சேர்ந்த தேதி, ஒப்பந்தம் முடியும் தேதி இரண்டையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைத் திருத்தாவிட்டால் ஸ்டேட்டன் தீவில் நடந்ததுதான் இங்கும் நடக்கும்.

சம்பளச் சீட்டைக் கையில் எடுத்தால் பேச்சும் தானாகத் தொடங்கும். 2016 ஏப்ரல் முதல் விவரமான சீட்டுக் கொடுப்பது கட்டாயம். மாதம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளிக்கு ‘ஓடி’ எனப்படும் கூடுதல் நேர வேலைக்கான விகிதம் மணிக்கு ஒன்றரை மடங்கு. கணக்கிடும் முறை இது: மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288ஆல் வகுக்க வேண்டும். 2,000 வெள்ளிக்கு மணிக்கு 10.49 வரும், ஓடிக்கு 15.73. சில இடங்களில் 26 நாள், நாளுக்கு 8 மணி என்று 208ஆல் வகுத்து, ஓடிக்கு 14.42 மட்டும் போடுகிறார்கள். பார்வைக்கு நியாயமான கணக்குப் போலவே இருக்கும். மாதம் 72 மணி என்ற உச்சவரம்பு வரை ஓடி செய்பவருக்கு இதில் 94 வெள்ளி போய்விடுகிறது. ஓர் ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டும். உரிமை, ஒற்றுமை என்று ஒரு மணி நேரம் பேசுவதைவிட இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் ஒருவர் உறுப்பினர் படிவத்தைக் கேட்டு வாங்குவார். வேலைவாய்ப்புக் கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் தனியாகப் போனால் 20,000 வெள்ளி வரைதான் கேட்கலாம், சங்கத்தின் துணையோடு சமரசத்துக்குப் போனவர் 30,000 வரை கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். இந்தக் காலக்கெடு தெரியாமல் நியாயமான பணத்தை இழந்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

வெளிநாட்டவர் சங்கத்தில் சேர முடியுமா என்று பலருக்கும் சந்தேகம். தாராளமாகச் சேரலாம். பொறுப்பாளராக வருவதற்குத்தான் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். உறுப்பினர் ஆனதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதைத் தொழில் உறவுச் சட்டம் தடுக்கிறது.

இன்னொன்றையும் படம் பார்ப்பவர்கள் விட்டுவிடக் கூடாது. வாக்கெடுப்பில் வென்ற கொண்டாட்டத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? மூன்று ஆண்டு கடந்தும் அமேசானோடு கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. சங்கத்துக்குள்ளேயே பிளவு வந்தது. 2024 ஜூனில் டீம்ஸ்டர்ஸ் என்ற பெரிய சங்கத்தோடு இணைந்தார்கள். இங்கே அந்தக் கட்டத்தில் நமக்கு வசதி அதிகம். பேச்சுவார்த்தை முறிந்தால் மனிதவள அமைச்சு சமரசம் செய்யும், அதுவும் முடியாவிட்டால் தொழில் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. ஒப்பந்தம் 2 முதல் 3 ஆண்டு வரை செல்லும். ஆனால் வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, இடமாற்றம், வேலைப் பங்கீடு ஆகியவற்றைப் பேச்சுவார்த்தையில் கொண்டுவர 1968 முதல் சட்டம் இடம்தரவில்லை. மணிக்கு இத்தனை பொருள் எடு என்ற கெடுபிடியையும் ஜேஎஃப்கே8 தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். இங்கு அதை நேரடியாகப் பேச முடியாதபோது, பாதுகாப்பு, ஓய்வு நேரம், முதுகுவலி, கைவலிக்கான மருத்துவ விடுப்பு ஆகியவற்றின் வழியாகத்தான் அணுக வேண்டும். தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்ற விதி அதற்கு நல்ல பிடி.

இந்தப் படத்தைத் திரையிட நினைக்கும் தமிழ் அமைப்புகளிடம் எங்கள் வேண்டுகோள்: தமிழில் துணைத்தலைப்புப் போடுங்கள். இரவு ஷிஃப்ட்டுக்காரர்களுக்காக ஞாயிறு பிற்பகலில் வையுங்கள். படம் முடிந்ததும் சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்து, வந்திருப்பவர்களின் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கணக்குச் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தங்கள் நாளிதழும் ‘படிவம் ஏ’ முதல் ஒப்பந்தம் வரையிலான நடைமுறையைத் தமிழில் ஒரு முழுப் பக்கமாக வெளியிட்டால், அதை வெட்டிக் கிடங்கு லாக்கர்களில் ஒட்டிவைக்க நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஜூரோங் வட்டார வாசகர்கள்