கிணற்றைப் பார்த்துவிட்டு வாடகையைப் பேசுவோம்

கோண்டாவில்
ஆவணி

அன்புள்ள மகளுக்கு,

ரொறன்ரோ வேலையை இங்கிருந்தே ஒன்லைனில் செய்துகொண்டு, யாழ்ப்பாணத்தில் தனி ஆள் சீவிக்க மாதம் எவ்வளவு வேண்டும் என்று போனில் கேட்டாய். நான் சொல்லத் தொடங்கவே உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. சரி, ஆறுதலாக எழுதுகிறேன்.

போன கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு இணுவிலில் ஒரு வீடு பார்க்கப் போனேன். காங்கேசன்துறை வீதியில் இறங்கி, ஒழுங்கைக்குள் இரண்டு திருப்பம். பஸ் சத்தம் கேட்காது. இரண்டு அறை, விறாந்தை, குசினி, பின்னுக்கு ஒரு தேசிமரம். மாமா சுவரில் ஓதம் தேடிக்கொண்டு நிற்க, நான் நேரே கிணற்றடிக்குப் போனேன். இங்கே வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைத் தண்ணீரில்தான் ஊரே சீவிக்கிறது. மாரியில் எல்லாக் கிணறும் இனிக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆவணியில், அடிக்கல் தெரியும்போது அள்ளி வாயில் விட்டுப் பார்க்கவேண்டும். விட்டுப் பார்த்தேன், சவர் இல்லை. ஆனால் தோட்டக் கிணறுகளுக்குள் பசளை இறங்குகிற பிரச்சினை எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க உண்டு. அது நாக்குக்குத் தெரியாது. எந்த வீடென்றாலும் குடிக்கிற தண்ணீரை வாங்குவதாகவே கணக்கில் போட்டுக்கொள்.

அந்த வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு ரீச்சர், இரண்டு பிள்ளைகள். தேத்தண்ணி போட்டுத் தந்தா. கேத்திலைத் திறக்கும்போது எட்டிப் பார்த்தேன், உள்ளே விரல் தடிப்புக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் படை. நான் பார்த்ததைக் கண்டு சிரித்துவிட்டு, "நாலு வருசம் அம்மா, சுரண்டிச் சுரண்டிக் களைத்துவிட்டேன்" என்றா. பிறகு கதை வந்தது. அவ கட்டுவது மாதம் 15 ஆயிரம் ரூபா. வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று வருகுதாம் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்காரர் அவவை வீட்டை விட்டு எழும்பச் சொல்லியிருக்கிறார். எங்களிடம் கேட்டது 35 ஆயிரமும் ஒரு வருட முற்பணமும். உன் டொலருக்கு அது ஒரு காசா? ஆனால் அந்தத் தேத்தண்ணி எனக்கு இறங்கவில்லை. வெளியே வந்ததும் மாமாவிடம் இந்த வீடு வேண்டாம் என்றேன். நீயும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய்.

நல்லூர்ப் பக்கம் வடிவான மேல்மாடி வீடுகள் இருக்கின்றன, ஏசியோடு. விளம்பரம் எல்லாம் உங்களைப் பார்த்துத்தான். அதிலும் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாளும் அந்தப் பக்கம் வாடகை விசாரிக்கவே கூடாது. ஏசி என்றால் கரண்ட் பில்லையும் யோசி. மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் கணக்குப் போடும் விதமே மாறிவிடும். நாங்கள் இரண்டு ஃபேனோடு அந்தக் கோட்டுக்குள் நிற்கப் படும் பாட்டை அண்ணியிடம் கேள்.

சாப்பாட்டில் பெரிய செலவு வராது. இங்கே பக்கத்தில் இருக்கிற திருநெல்வேலிச் சந்தைக்குக் காலமை போனால் கீரையும் கத்தரிக்காயும் பனி காயாமல் இருக்கும். மீன்காரர் படலைக்கே வருவார். சைக்கிள் ஒன்று எடுத்தால் ஆட்டோக் காசு மிச்சம். உன் காசை விழுங்கப் போவது சீஸும் ஓட்ஸும்தான். பாணும் சம்பலும் சாப்பிட்டு வளர்ந்தவள்தானே நீ!

அமைதி, அமைதி என்கிறாய். ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் இங்கே பின்னேரம் ஆறரை. விடிய இரண்டரைக்கு வேலை முடித்துப் படுப்பாய். ஐந்து மணிக்குக் கோயில் ஸ்பீக்கர் தொடங்கும். அது ஓய, பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அதற்குப் பிறகு எந்த அயலட்டை உன்னைப் படுக்க விடும்? "பிள்ளை இன்னும் எழும்பவில்லையோ, சுகமில்லையோ" என்று படலையைத் தட்டும். அதற்குக் கோபிக்காதே. கள்ளன் வந்தாலும் அவர்கள்தான் ஓடி வருவார்கள்.

விசா விஷயத்தை நீயே வடிவாகப் பார். கனடாப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா எடுத்து வந்து வருடக் கணக்கில் இருக்கவோ வேலை செய்யவோ ஏலாது. இரட்டைக் குடியுரிமைக்குப் போடு என்று எத்தனை தரம் சொன்னேன்? அண்ணன் உன் பெயரில் காணி வாங்கலாம் என்று நிற்கிறான். அதற்கும் அதுதான் முதலில் வேண்டும். 2014 இல் வந்த சட்டத்தின்படி வெளிநாட்டுக் குடிமக்கள் பெயருக்குச் சும்மா காணி எழுத முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கைக் கடைசியில் மாமரத்து வீடு ஞாபகமா? அவர்கள் எல்லாரும் லண்டனில். ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இப்படிப் பூட்டிய வீடு ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆட்கள் இருக்கிற வீட்டை ஏன் பிடுங்கவேண்டும்? வட்ஸ்அப்பில் கேட்டேன். "வாடகை பெரிதில்லை, விளக்கு எரிந்தால் போதும்" என்றா வீட்டுக்காரி. கடைசியில் 12 ஆயிரத்துக்குச் சம்மதித்தா, முற்பணம் இல்லை. ஓடு நாலைந்து மாற்றவேண்டும். அதை வாடகையில் கழிக்கலாமாம். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அது உனக்குப் பிடிக்குமோ தெரியாது. சாப்பாடு கொண்டு வந்தாலும் கேட்டுவிட்டுத்தான் வருவேன், சரியா?

கிணற்றுக்குள் மாவிலை அழுகிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். ஊற்று எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுப் போன் எடுக்கிறேன். அதற்கு முதல் டிக்கெட் போடாதே.

அம்மா