கிணறு அடுத்த மாநிலத்தில் இருக்கிறது

சிகாகோ,
8 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் பிள்ளைகளும் நலம். உங்கள் சர்க்கரை எவ்வளவு, அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று உண்மையை எழுதவும். போனில் கேட்டால் இரண்டு பேரும் ஒரே குரலில் "நல்லா இருக்கோம்" என்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "என்னடி, காவி கட்டிட்டியா?" என்று அம்மா சிரித்தாளே. காவி இல்லை, ஆரஞ்சு. இங்கே காட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள், மான் என்று நினைத்து யாரும் தங்களைச் சுட்டுவிடக் கூடாது என்று ஆரஞ்சுச் சட்டை போடுவார்கள். 2013 ஜனவரியில், ஒபாமாவின் இரண்டாவது பதவியேற்பு விழாக் கொண்டாட்டத்தில் பள்ளிக் குழுவோடு கலந்துகொண்டு திரும்பிய ஒரு வாரத்தில், ஹடியா பெண்டில்டன் என்ற 15 வயதுப் பெண் இங்கே ஒரு பூங்காவில் சுடப்பட்டு இறந்தாள். மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள், அவ்வளவுதான். அவளுடைய தோழிகள் வேட்டைக்காரர்களின் நிறத்தை எடுத்து உடுத்திக்கொண்டார்கள். இப்போது ஜூன் மாத முதல் வெள்ளிக்கிழமை நாடு முழுக்க அந்த நிறம்.

இதையெல்லாம் அம்மா பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியவில்லை. சொன்னால் அடுத்த பிளைட்டில் வா என்பாள். நீங்களும் போன வாரம் சுற்றி வளைத்து அதைத்தானே கேட்டீர்கள்? அதற்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

நம் ஊரில் துப்பாக்கி என்றால் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும் இரட்டைக்குழல்தான். தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவரே ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அப்படி வளர்ந்த எனக்கு, இங்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து முதல் குண்டுக் காயத்தைப் பார்த்த அன்று கை நடுங்கியது. இப்போது நடுங்குவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு இரவு, தொடையில் குண்டு பாய்ந்து ஒரு பையன் வந்தான். பிழைத்துவிட்டான். ஆனால் வெளியே காத்திருந்த அவனுடைய கூட்டாளிகள் ஆறு பேரின் முகம் சரியில்லை. போனைப் பார்ப்பதும் குசுகுசுவென்று பேசுவதுமாக இருந்தார்கள். சுட்டவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும். விடிவதற்குள் அடுத்த ஆள் என் மேசைக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன். அப்போது ஐம்பது வயது இருக்கும், ஒருவர் வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். காப்பி வாங்கிக் கொடுத்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. நாலு மணிக்குள் ஒவ்வொருவனாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் போலீஸ் இல்லை, போலீஸிடம் எதையும் சொல்லவும் மாட்டார். அவரே ஒரு காலத்தில் இதே தெருவில் இதே வேலை செய்து ஜெயிலுக்குப் போய் வந்தவர். இன்னொருவர் சொன்னால் அந்தப் பையன்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. வாந்திபேதி என்றால் சைக்கிளில் பிளீச்சிங் பவுடர் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்புவீர்கள். முதலில் யார் வீட்டில், அங்கே யார் வந்து போனார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று விசாரித்துக்கொண்டே போவீர்கள். உங்கள் காக்கிச் சட்டைக்குத் திறக்காத கதவு, கூட வரும் அந்தத் தெரு ஆச்சியின் குரலுக்குத் திறக்கும்.

இங்கே இப்படி அந்தத் தெரு ஆளையே அனுப்பிப் பழிவாங்கலைத் தடுக்கும் வேலையை ஆரம்பித்தவரும் உங்கள் ஜாதிதான், அதாவது காலராக்காரர். கேரி ஸ்லட்கின் என்ற டாக்டர். சோமாலியா அகதி முகாம்களில் காலராவோடு போராடியவர். சிகாகோ திரும்பியதும், துப்பாக்கிச் சூடும் தொற்றுநோய் போலவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்று சொன்னார். 2000-இல் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் என்ற பகுதியில் வேலையைத் தொடங்கினார். முதல் ஆண்டிலேயே அங்கே துப்பாக்கிச் சூடு 67 சதவீதம் குறைந்தது என்பது அவர்கள் கணக்கு. முதல் ஆண்டுக் கணக்கை நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் உங்கள் மகள்தான். ஆனால் 2015-இல் மாநில அரசு பணத்தை நிறுத்தியது. 2016-இல் நகரத்தில் கொலைகள் 750-ஐத் தாண்டின. பணம் நின்றதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்கிறார். வேறு காரணங்களும் உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். எது எப்படியோ, மருந்தடிக்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொசு ஏன் கூடியது என்று கேட்பதை நீங்கள் நம் ஊரிலும் பார்த்திருக்கிறீர்கள். 2021-இல் ஏறக்குறைய 800 கொலைகள். போன வருடம் 573. குறைந்திருக்கிறது, அப்பா. ஆனால் எண்ணிப் பாருங்கள், 573.

ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்லட்கினின் உவமை எனக்கு ஒட்டவில்லை. கிருமிக்குக் கடை கிடையாது. இந்த மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருக்க 1968 முதல் அரசிடம் அனுமதி அட்டை வாங்க வேண்டும். தெற்குப் பகுதியிலிருந்து கொஞ்ச நேரம் காரில் போனால் இண்டியானா மாநிலம். அங்கே அட்டை வேண்டாம். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் பின்னணி விசாரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2017-இல் நகராட்சி வெளியிட்ட அறிக்கைப்படி, இங்கே பிடிபட்ட துப்பாக்கிகளில் ஏறக்குறைய அறுபது சதவீதம் வெளி மாநிலத்தவை. மொத்தத்தில் ஐந்தில் ஒன்று இண்டியானாவிலிருந்து வந்தது. கிணறு அடுத்த மாநிலத்தில் இருக்கிறது, அப்பா. வீடு வீடாகப் போகிற வேலைதான் நமக்கு. அங்கே போய் மருந்து போட அதிகாரம் இல்லை.

உள்ளூர்க் கிணறுகளை, அதாவது இங்கேயே இருக்கும் துப்பாக்கிக் கடைகளை, இங்குள்ளவர்கள் சும்மா விட்டுவிடவில்லை. செயின்ட் சபீனா கோவில் பாதிரியார் மைக்கேல் ஃப்ளெகர், 2007-இல் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனோடு புறநகரில் ஒரு துப்பாக்கிக் கடை வாசலில் போராடிக் கைதானார். கடைக்காரர்கள் மாநிலத்திடமும் சான்று வாங்க வேண்டும் என்ற சட்டம் 2019-இல்தான் வந்தது. பன்னிரண்டு வருடம்! ஆஸ்பத்திரிக் கதையும் அப்படித்தான். 2010-இல் சுடப்பட்ட 18 வயதுப் பையன் ஒருவனை, பக்கத்திலேயே சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை இருந்தும், அங்கே பெரியவர்களுக்கான விபத்துக் காயப் பிரிவு இல்லாததால் ஊரின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். இறந்துவிட்டான். அவனோடு திரிந்த பிள்ளைகள் மறியல், கைது என்று விடாமல் நின்று, 2018 மே மாதம் அந்தப் பிரிவைத் திறக்க வைத்தார்கள். அதனால் இன்று தெற்குப் பகுதியில் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காயத்துக்கு நிமிடங்கள்தான் கணக்கு என்பது எங்களுக்குத் தெரியும்.

போன வருட வெயில் காலத்தில், கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி அந்தச் செயின்ட் சபீனா கோவிலின் வெள்ளிக்கிழமை அமைதி நடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கோவில் வாசலில் சுடப்பட்டு இறந்த பிள்ளைகளின் படங்கள். பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று இருந்தது. நடந்தேன். நம் ஊர்த் தேர் போகிற தெருபோல, வாசல்படியில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு சின்னக் கூட்டம். வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வையுங்கள், பூட்டு நாங்கள் இலவசமாகத் தருகிறோம் என்று கேட்டுப் போகிறோம். கோடி வீட்டுப் பெரியவர் மட்டும் மசியவில்லை. நல்ல மனிதர், பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு. "ராத்திரி திருடன் வந்தால் சாவியைத் தேடிக்கொண்டா இருப்பேன்?" என்கிறார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போக வேண்டும். மேலத்தெருவில் ஒரு பண்ணையார் தன் வீட்டுக் கிணற்றில் பவுடர் போட விடாமல் நின்றாரே, மூன்று நாள் அவர் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டே இருந்தீர்கள் என்று அம்மா சொல்வாள். மூன்றாம் நாள் அவரிடம் என்ன சொன்னீர்கள்? கடிதம் வந்து சேர நாளாகும். போனில் சொல்லுங்கள், அம்மா கோவிலுக்குப் போன நேரமாகப் பார்த்து.

உங்கள் அன்பு மகள்,
செல்வி