கழித்தலில் யாரும் கடன் வாங்குவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவரும் ஓர் ஆசிரியை என்ற முறையில், பல இலக்க எண்களைக் கூட்டவும் கழிக்கவும் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் பயிற்சியைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் பேச விரும்புகிறேன்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் 203 − 67 என்ற கணக்குக்கு 264 என்று விடை எழுதியிருந்தான். இருந்ததிலிருந்து எடுத்த பிறகு இருந்ததைவிட அதிகமாக மிஞ்சியிருக்கிறதே என்பது அவன் கண்ணில் படவில்லை. கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருக்கலாம். அருகில் அழைத்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். ஒன்றுகளின் இடத்தில் 3-உம் 7-உம் இருக்கின்றன, பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும், ஆகவே 4. பத்துகளின் இடத்தில் 0-உம் 6-உம் இருக்கின்றன, ஆகவே 6. நூறில் கழிக்க ஒன்றுமில்லை, ஆகவே 2 என்று சிறிதும் தடுமாறாமல் விளக்கினான். பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்று முதல் வகுப்பில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். அந்த விதியை அவன் ஒவ்வோர் இலக்கத்திலும் தவறாமல் கடைப்பிடித்திருந்தான்.

பிள்ளைகளின் கழித்தல் பிழைகளில் பல இப்படி ஓர் ஒழுங்குக்கு உட்பட்டே வருகின்றன என்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1978-இலேயே விரிவாக எடுத்துக்காட்டினார்கள். கணினி நிரலில் வழு இருப்பதைப் போலப் பிள்ளையின் செய்முறையிலும் ஒரு வழு இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் அடுத்த கணக்கில் அவன் என்ன விடை எழுதுவான் என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்த வழுவைக் கண்டுபிடிக்காமல் இன்னும் முப்பது கணக்குகளைப் போட்டு வா என்று அனுப்பினால், அவன் பழகிக்கொண்டு வருவது அந்த வழுவைத்தான்.

'3-இல் 7 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு' என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். எப்போது திருப்பிக் கொடுப்பது என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்ட நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. கழித்தலில் யாரும் யாரிடமும் கடன் வாங்குவதில்லை. ஒரு நூறு பத்துப் பத்துகளாகவும், ஒரு பத்து பத்து ஒன்றுகளாகவும் மாறுகிறது, அவ்வளவுதான். பாடநூல்கள் இதற்கு 'இனமாற்றம்' என்ற அழகான சொல்லைத் தந்திருக்கின்றன. கடன் என்ற சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, பக்கத்து இடத்தில் 0 இருந்தால், கொடுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லையே என்று திகைத்து நின்றுவிடுகிறது.

அந்த மாணவனிடம் பத்துப் பத்தாகக் கட்டி, அந்தக் கட்டுகளையும் பத்துப் பத்தாகச் சேர்த்துக் கட்டிய குச்சிகளைக் கொடுத்தேன். இரண்டு பெரிய கட்டுகள், மூன்று உதிரிக் குச்சிகள். இதிலிருந்து 67 குச்சிகளை எடுத்துக் கொடு என்றேன். சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவன், தானாகவே ஒரு பெரிய கட்டைப் பிரித்தான். பத்துச் சிறிய கட்டுகள் விழுந்தன. அவற்றில் ஒன்றையும் பிரித்தான். இப்போது ஒரு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. ஆறு கட்டுகளையும் ஏழு குச்சிகளையும் என் பக்கம் தள்ளிவிட்டு, மிஞ்சியதை எண்ணி 136 என்றான். நோட்டில் 0-ஐ அடித்து 9 என்று ஏன் எழுதுகிறோம் என்பதை அதன்பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூட்டலிலும் இதே கதைதான். 398-ஐயும் 247-ஐயும் கூட்டி, 15, 13, 5 என்று வந்ததை அப்படியே அடுத்தடுத்து வைத்து 51315 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ஏறத்தாழ 400-உம் 250-உம் சேர்ந்தால் 650 என்று முதலில் சொல்லிப் பழகிய பிள்ளை ஐம்பதாயிரத்தைக் கண்டதும் தானே நிறுத்திக்கொள்ளும்.

தமிழில் எண்ணும் பிள்ளைக்கு இன்னும் இரண்டு இடங்களில் கவனம் தேவைப்படுகிறது. இருநூற்று மூன்று என்று காதில் விழுவதை 2003 என்று எழுதுவது மிக இயல்பான பிழை. நம் பழைய தமிழ் எண்முறையே ௨௱௩ என்று இரண்டு, நூறு, மூன்று என ஒலித்தபடிதான் எழுதியது. மேலும், தொண்ணூறில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிக்கின்றன. சொல்வதைக் கேட்டு எழுதும் பயிற்சியில் இவ்வகை எண்கள் அடிக்கடி வந்தாக வேண்டும். இட மதிப்பு உறுதிப்படாமல் போடும் கூட்டலும் கழித்தலும் வெறும் கைப்பழக்கமாகவே நின்றுவிடும்.

இதனால் மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். 8-உம் 7-உம் 15 என்பதும், 13-இல் 7 போனால் 6 என்பதும் யோசிக்காமல் நாவில் வர வேண்டும். அவற்றுக்கு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை, அதற்குள் எந்த இடத்தில் இருந்தோம், கையில் எவ்வளவு என்பதை மறந்துவிடுகிறது. அதற்குத் தினமும் ஐந்து நிமிட வாய்க்கணக்கு போதும்.

வீட்டுப்பாடமாக ஒரே மாதிரியான முப்பது கணக்குகளுக்குப் பதிலாக, கூட்டலும் கழித்தலும் கலந்த ஆறு கணக்குகளைக் கொடுக்கலாம். அவற்றில் ஒன்றிலாவது நடுவில் 0 இருக்கட்டும். கட்டம் போட்ட நோட்டில், இலக்கத்துக்கு ஒரு கட்டமாக எழுதச் செய்தால் இடம் மாறி எழுதும் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும். கழித்து வந்த விடையோடு 67-ஐக் கூட்டினால் 203 வருகிறதா என்று பிள்ளையே சரிபார்க்கட்டும். 67-இலிருந்து 70-க்கு 3, அங்கிருந்து 100-க்கு 30, பிறகு 203 வரை 103 என்று ஏறிச் சென்று 136-ஐ அடையும் பிள்ளையையோ, இரண்டு எண்களிலும் 33-ஐச் சேர்த்து 236-இலிருந்து 100-ஐக் கழிக்கும் பிள்ளையையோ, நான் சொன்ன முறையில் செய்யவில்லை என்று தயவுசெய்து கண்டிக்காதீர்கள். எண்களின் போக்கு பிடிபட்ட பிள்ளைதான் அப்படிச் செய்யும்.

பயிற்சி நூல்களைத் தயாரிப்போருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு கணக்கின் அருகிலும், விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று முதலில் எழுதுவதற்கு ஒரு சிறு கட்டத்தையும், செய்த வழியைப் பிள்ளை ஒரு வரியில் சொல்வதற்குச் சற்று இடத்தையும் விட்டு அச்சிடுங்கள். அதற்காகப் பக்கத்துக்கு நான்கு கணக்குகள் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்