1,800 ரூபாயைத் தேடிய இரவு

அன்புள்ள குமரேசா,

நீ கடிதம் போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, எம்பிஏ. போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல் பருவத் தேர்வு முடிந்தது.

சனிக்கிழமை மதியம் ஷிஃப்டை ஒப்படைத்துவிட்டு அம்பத்தூரில் மின்சார ரயில் பிடித்தால் நான்கு மணி வகுப்புக்குப் போய்விடலாம். ஞாயிறு முழுக்க வகுப்பு. பொருளாதார வகுப்பில் மூன்று வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கணக்குப் பாடம் வேறு கதை. ஒரு நாள் இரவு பதினொன்றரை மணி. சாப்பாட்டு மேசையில் மகளின் வரைபடப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு டிரையல் பேலன்ஸ் போடுகிறேன், பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய பட்டியல். பற்றுப் பக்கம் 1,800 ரூபாய் கூடுதல். மூன்று தடவை கூட்டியும் அதே 1,800. மூடி வைக்கலாம் என்று எழுந்தபோது உன் அப்பா ஞாபகம் வந்தார். கீழமாசி வீதிக் கடையில் விடுமுறைக்கு நாம் வத்தல் மூட்டை எண்ணுவோமே, அப்போது கணக்கப்பிள்ளையிடம் சொல்வார்: "வித்தியாசத்தை ஒன்பதால வகுத்துப் பாருய்யா. மீதி இல்லேன்னா எங்கேயோ எண்ணைத் தலைமாத்தி எழுதியிருக்கே." வகுத்தேன். 200, மீதி இல்லை. பத்து நிமிடத்தில் சிக்கியது: மின்கட்டணம் 3,500 என்பதை 5,300 என்று எழுதியிருந்தேன்.

அடுத்த வாரம் பேராசிரியர் இதே தந்திரத்தைச் சொன்னார். ஒவ்வொரு கணக்கையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை லூகா பாச்சோலி 1494இல் வெனிஸில் அச்சிட்டு வெளியிட்டார் என்றும் சொன்னார். இருக்கட்டும், எனக்குப் பாச்சோலி உன் அப்பாதான்.

உங்கள் மதுரையும் பாடத்தில் வந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு தயாரித்த கேஸ், அதாவது வகுப்பில் அலசுவதற்காக எழுதிய நிஜ நிறுவனத்தின் கதை. ஓய்வுபெற்ற பிறகு டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது. ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரைத் தயார் செய்வது. காசு கொடுப்பவர்களின் வரவில் கொடுக்க முடியாதவர்களுக்கும் பார்ப்பது. எல்லோரும் படம் போட்டு அலசினார்கள். எனக்கோ கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து, "பஸ்ஸுல கூட்டிட்டுப் போயி பஸ்ஸுலயே கொண்டாந்து விட்டாங்க" என்று தெருவுக்கே சொன்ன ஆச்சிதான் கண்ணில் நின்றாள்.

சரி, உன்னிடம் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம், அந்தப் பாடத்தில் ஒரு கணக்கு. சரக்கு 60 நாள் கிடக்கிறது, விற்ற பணம் வர 75 நாள், வாங்கியதற்கு நாம் பணம் கொடுப்பது 90 நாளில். அறுபதும் எழுபத்தைந்தும் கூட்டித் தொண்ணூறைக் கழி, நம் கைக்காசு முடங்குவது 45 நாள்தான். 90ஐ இன்னும் நீட்டினால் இன்னும் நல்லது என்று பேராசிரியர் பலகையில் அம்புக்குறி போட்டார். எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

எனக்குப் பேனா ஓடவில்லை. எங்கள் கம்பெனிக்கு புஷ் என்கிற உலோக வளையம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். மூன்று மெஷின், நான்கு ஆட்கள். வெள்ளிக்கிழமைதோறும் எனக்குப் போன் செய்வார். பில்லைப் பற்றி நேராகக் கேட்க மாட்டார். "சார், சௌக்கியமா?" என்பார், அவ்வளவுதான். அந்த 90 நாள் அவர்தான். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006இலேயே சட்டம் இருக்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

வகுப்பில் இதைக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. "45 நாளில் கொடுத்தால் உங்கள் கம்பெனிக்கு என்ன செலவாகும்? அதையே ப்ராஜெக்டாகச் செய்யுங்கள்" என்றார். பாடக் கணக்குப்படியே கைக்காசு 90 நாள் முடங்கும். அதற்கு வட்டி யார் கட்டுவது? எங்கள் நிதி மேலாளரிடம் இதை எப்படி எடுத்துப்போவது என்று இன்னும் புரியவில்லை. வேலைக்கு ஆபத்தா என்று வீட்டில் கேட்கிறாள். இருக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கணும். அப்பா விருதுநகர் வியாபாரிகளுக்கு எத்தனை நாளில் பணம் கொடுப்பார்? இப்போது நீ எத்தனை நாளில் கொடுக்கிறாய்? உண்மையைச் சொல்லு. பொங்கலுக்கு வருகிறோம். அதற்குள் பரணிலிருந்து அந்தப் பழைய பேரேடுகளை இறக்கி வை. கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
செல்வம்